திருவோடும் தயிர்ச்சட்டியும்

லண்டன் ஹோல்போர்ன் பகுதியிலே, பிரவுண்லோ வீதி என்னும் சிறு தெருவில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் ஒரு பாண்டக் கடை இருந்தது. கடையைக் கவனித்தவர் சார்ள்ஸ் மார்ட்டின். அவருடைய அண்ணன் ரொபர்ட் வாலஸ் உருவம் பிடிப்பார். தம்பி வோல்டர் சக்கரத்தில் வனைவார். கடைசித் தம்பி எட்வின் பாண்டத்தின் மேல் மீனும் கொடியும் கீறுவார். விற்பதுதான் சார்ள்ஸின் பொறுப்பு. அவருக்கோ விற்க மனம் வரவில்லை. நல்ல பாண்டங்களைத் தரைப்பலகைக்கு அடியில் ஒளித்துவைத்தார் என்றும், வாங்க வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்பினார் என்றும் அந்தக் குடும்பத்தைப் பற்றி எழுதியவர்கள் சொல்கிறார்கள். 1903ஆம் ஆண்டு கடை தீப்பற்றி எரிந்தது. சார்ள்ஸின் மனம் பேதலித்தது. அதிலிருந்து அவர் மீளவே இல்லை, 1910இல் இறந்தார்.

புழங்குவதற்கென்று வனைந்த ஒரு பொருளைப் புழங்கவிடாமல் காப்பது அதற்குச் செய்யும் மரியாதையா, அநியாயமா? வீட்டுச் சட்டியைப் பற்றியும் இதைக் கேட்கலாம், கோயில் கும்பத்தைப் பற்றியும் கேட்கலாம், மண்ணுக்குள் புதைந்து கிடந்து வெளியே வந்த திருமேனியைப் பற்றியும் கேட்கலாம். கடைசியில் சொன்னது திருகோணமலையில் உண்மையாகவே நடந்தது. அதனால் இந்தக் கேள்வியை எட்ட நின்று ஆராய்கிற வசதி இந்த ஊருக்கு இல்லை.

முதலில் மார்ட்டின் குடும்பம். 1873இல் புல்ஹாமில் தொழிலைத் தொடங்கிய அவர்கள், 1877இல் மேற்கு லண்டன் சவுத்தோலில், கால்வாய்க் கரையில் கைவிடப்பட்டுக் கிடந்த ஒரு சவர்க்காரத் தொழிற்சாலைக்கு மாறினார்கள். அவர்கள் செய்தது உப்புமெருகுப் பாண்டம். சூளை உச்சச் சூட்டில் இருக்கும்போது உள்ளே உப்பை எறிவார்கள். உப்பு ஆவியாகி, களிமண்ணிலுள்ள சிலிக்காவோடு சேர்ந்து, பாண்டத்தின் மேல் தோடம்பழத் தோல்போலப் புள்ளி புள்ளியான கண்ணாடிப் படையாக இறுகிவிடும். பழுப்பும் சாம்பலும் மங்கிய நீலமும்தான் அவர்களுடைய நிறங்கள். சூளையைத் திறக்கும்போது வளைந்தும் வெடித்தும் போனவை எத்தனையோ.

அவர்களுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தவை ரொபர்ட் வாலஸ் பிடித்த பறவைகள். கோணலான அலகு, குறும்பான கண், ஊர்ப் பெரியவர் ஒருவரை நினைவூட்டும் முகச்சாயல். தலையைக் கழற்றலாம், உள்ளே புகையிலை வைக்கலாம். புகையிலைச் சாடியாகத்தான் அது பிறந்தது. இன்று நல்ல பறவை ஒன்று ஏலத்தில் பல்லாயிரம் பவுணுக்குப் போகிறது.

சேகரிப்பவர் பாண்டத்தைக் கையில் எடுத்ததும் கவிழ்த்து அடியைத்தான் பார்ப்பார். ஈரக் களிமண்ணில் கூர்முனையால் கீறிய குடும்பப் பெயர், ஊர், திகதி அங்கே இருக்கவேண்டும். பறவையென்றால் தலையிலும் உடலிலும் வேறுவேறாகக் கீறியிருக்கும். இரண்டும் ஒத்துவராவிட்டால், வேறோர் உடலுக்குரிய தலையைக் கொண்டுவந்து மாட்டினார்களோ என்ற சந்தேகம் வரும். அலகின் நுனி உடைந்திருந்தால் விலை இறங்கும். யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்று காட்டும் கடிதம் இருந்தால் விலை ஏறும். இத்தனை சோதனையிலும் ஒன்று விடுபட்டுப் போகிறது: அந்தச் சாடிக்குள் எப்போதாவது புகையிலை இருந்ததா என்பது.

சேகரிப்பவரைக் குறைசொல்ல இதைச் சொல்லவில்லை. மார்ட்டின் சகோதரர்கள் இறந்த பிறகு அவர்களுடைய கைத்திறனை உலகத்துக்குக் காப்பாற்றிக் கொடுத்தவர்கள் சேகரிப்பாளர்கள்தான். ஆனாலும் அங்கே ஏதோ ஒன்று இடம் மாறிவிட்டது. சாடியின் மதிப்பு அதன் வயிற்றிலிருந்து அடித்தட்டுக்கு, கொள்ளும் பொருளிலிருந்து கீறிய பெயருக்குப் போய்விட்டது.

மார்ட்டின் சகோதரர்களின் சவுத்தோல் பட்டறை இருந்த ஹெவ்லொக் வீதியில் இப்போது சீக்கியரின் பெரிய குருத்துவாரா நிற்கிறது. அதே ஈலிங் நகரசபை எல்லைக்குள், ஈழத்தமிழர்கள் போற்றிவரும் கனகதுர்க்கை அம்மன் கோயில் பழைய கிறிஸ்தவ ஆராதனைக் கட்டடம் ஒன்றில் இருக்கிறது. அங்கே கும்பம் வைக்கிறார்கள். சைவக் கோயில் எங்கே இருந்தாலும் கும்பம் உண்டு. மண்பாண்டத்தைப் பற்றிச் சைவம் என்ன நினைக்கிறது என்று அறிய விரும்புகிறவர் முதலில் பார்க்கவேண்டியது அந்தக் கும்பத்தைத்தான்.

குடத்தின் மேல் நூலைக் குறுக்கும் நெடுக்கும் இழைத்துச் சுற்றுகிறார்கள். நீர் நிரப்பி, மாவிலை செருகி, தேங்காய் வைத்து, தருப்பைக் கூர்ச்சம் இடுகிறார்கள். மண் தசை, நூல் நாடி, நீர் குருதி, தேங்காய் தலை, மாவிலை சடை என்று குருக்கள்மார் விளக்கம் சொல்வார்கள். மந்திரத்தால் அதில் இறைவனை எழுந்தருளச் செய்கிறார்கள். கோயிலைத் திருத்தும் காலத்தில் மூலவரின் சக்தியையே கும்பத்துக்கு மாற்றி, பாலாலயத்தில் வைத்துப் பூசிப்பது ஆகம வழக்கம். கருங்கல்லில் இருந்தவர் குடத்துக்கு வருகிறார். குடமுழுக்கன்று அந்த நீர் விமானத்திலும் மூர்த்தியிலும் சொரியப்படுகிறது. அதோடு குடத்தின் வேலை முடிந்தது. நேற்றுவரை தெய்வமாக இருந்த பாண்டம் இன்று வெறும் பாண்டம். அதற்காக யாரும் வருந்துவதில்லை.

வீட்டிலும் இந்த முறைதான். தைப்பொங்கலுக்குப் புதுப்பானை வேண்டும். துடக்கு வந்தால் வெண்கலத்தைப் புளிபோட்டு மினுக்கி எடுத்துக்கொள்வார்கள்; மண்சட்டியை வெளியே போட்டுவிடுவார்கள். மனிதனின் கடைசி யாத்திரையிலும் ஒரு மண்குடம் கூட வருகிறது. கொள்ளி வைக்கிறவர் தோளில் நீர்க்குடத்தோடு சிதையைச் சுற்றிவர, சுற்றுக்கொரு துளை இடுவார்கள். மூன்றாவது சுற்றில் குடத்தைப் பின்புறமாகப் போட்டு உடைத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் நடப்பார். வேதாந்திகள் உடைந்த குடத்தைக் காட்டி, உள்ளேயிருந்த வெளியும் வெளியேயிருந்த வெளியும் ஒன்றுதான் என்பார்கள். சைவ சித்தாந்திகள் அதே குயவர் பட்டறையிலிருந்து வேறொன்றைக் காட்டுவார்கள்: மண் முதற்காரணம், தண்டும் சக்கரமும் துணைக்காரணம், குயவர் நிமித்த காரணம். உலகைப் பொறுத்தவரை மாயை மண், சக்தி சக்கரம், சிவன் குயவன். இரு சாராரும் எல்லாவற்றிலும் வாதாடினார்கள். உவமைக்கு மட்டும் ஒரே முற்றத்துக்கு வந்தார்கள்.

திருகோணமலையில் மண்பாண்டத்தைப் பார்க்கக் கோயில்வரை போகவேண்டியதில்லை. கப்பல்துறைப் பக்கமிருந்து தம்பலகாமம், கந்தளாய் நோக்கிப் போகிறவர்கள் எருமைத்தயிர் வாங்காமல் வருவது அருமை. தயிர்ச்சட்டிக்கு மெருகு கிடையாது. விளிம்பு சற்றுக் கோணலாக இருக்கும். உள்வயிற்றில் வனைந்தவரின் விரல்தடம் வளையம் வளையமாகத் தெரியும். சட்டியைச் சரித்து வெளிச்சத்தில் பார்த்தால் எந்த இடத்தில் கை அழுத்தம் கூடியது என்பதுகூடப் புலப்படும். மெருகு இல்லாதபடியால்தான் தயிர் இறுகுகிறது. சட்டியின் நுண்துளைகள் தண்ணீரை உறிஞ்சுகின்றன. அது வெளிப்புறத்தில் ஆவியாகும்போது சட்டி குளிர்கிறது. தயிர் கெட்டியாகிறது, புளிப்பு அடங்குகிறது. பிளாஸ்டிக் கிண்ணத்தில் இது நடக்காது. தயிர் தீர்ந்ததும் சட்டி கிணற்றடிக்குப் போகும், அல்லது அதில் ஒரு துளசி முளைக்கும், அல்லது வேலியோரம் ஓடாகக் கிடக்கும். அதன் அடியில் பெயர் இல்லை. மார்ட்டின் பறவையைக் கவிழ்த்துப் பார்க்கும் கண்ணுக்கு இந்தச் சட்டி ஒன்றுமே சொல்லாது.

சரி, பெயரில்லாத பாண்டம் என்றால் அது போனால் போகட்டும் என்பதுதானா தமிழ்ச் சமயத்தின் நிலை? அப்படி எளிதாக முடித்துவிட முடியாதபடி திருநீலகண்ட நாயனார் குறுக்கே நிற்கிறார்.

அறுபத்துமூவரில் அவர் தில்லைக் குயவர். சுந்தரர் திருத்தொண்டத்தொகையில் அவரைக் குயவனார் என்று தொழிலைச் சொல்லியே வணங்குகிறார். அடியார்களுக்குத் திருவோடு வனைந்து கொடுப்பது அவருடைய தொண்டு. ஒருநாள் சிவயோகி ஒருவர் வந்து தம்முடைய ஓட்டைக் கொடுத்து, பத்திரமாக வைத்திருந்து கேட்கும்போது தரவேண்டும் என்கிறார். சாதாரண ஓடு என்று நினைக்காதே, பொன்னிலும் மணியிலும் மேலானது என்றும் சொல்கிறார். நீண்டகாலம் கழித்து அவர் திரும்பி வந்து கேட்கும்போது, வைத்த இடத்தில் ஓடு இல்லை. யோகியாக வந்த சிவபெருமானே அதை மறையச் செய்தவர்.

நாயனார் தேடிச் சலித்து, அதைவிட நல்ல ஓடு ஒன்று தருகிறேன் என்கிறார். அவருடைய கையால் எத்தனையோ ஓடுகள் பிறந்திருக்கின்றன. ஓர் ஓட்டுக்கு இன்னோர் ஓடு என்பது குயவருக்கு இயல்பான நியாயம். யோகி ஒப்பவில்லை. பொன்னால் செய்து தந்தாலும் வேண்டாம், நான் தந்த அதே ஓடுதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறார். தில்லைவாழ் அந்தணர் அவைக்கே வழக்குப் போகிறது. ஓட்டைத் திருடவில்லை என்றால் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு குளத்தில் மூழ்கிச் சத்தியம் செய் என்கிறார் யோகி. நாயனாரால் அது முடியாது. இளமையில் அவர் பரத்தையிடம் போய்வந்தபோது, மனைவி திருநீலகண்டத்தின் மேல் ஆணையிட்டு எம்மைத் தீண்டாதீர் என்று தடுத்துவிட்டார். அந்த ஆணையை மதித்து இருவரும் ஒரே வீட்டில், ஊருக்குத் தெரியாமல், தீண்டாமலே முதுமை அடைந்தவர்கள். எல்லார் முன்னிலையிலும் அந்த உண்மையைச் சொல்லி, ஒரு மூங்கில் தண்டின் இரு முனைகளையும் இருவரும் பிடித்துக்கொண்டு மூழ்குகிறார்கள். இளமையோடு எழுகிறார்கள். சிதம்பரத்தில் இளமையாக்கினார் கோயில் என்று இன்றும் வழங்கும் கோயில் இந்த நிகழ்ச்சியைச் சொல்வது.

ஏலக்கூடத்தில் கேட்கும் குரலில்தான் அந்த யோகி பேசுகிறார்: அதே ஓடு, வேறொன்று ஆகாது, பொன்னுக்கும் ஈடாகாது. நாயனார் பட்டறையின் குரலில் பதில் சொல்கிறார்: இன்னொன்று செய்து தருகிறேன். பெரியபுராணத்தில் இதைப் பாடிய சேக்கிழார் இரண்டில் எதையும் சிறுமைப்படுத்தவில்லை. குயவரின் நியாயம் போதாமல் போனதற்குக் காரணம் ஓட்டின் அருமை மட்டும் அல்ல. அது அடைக்கலமாக வந்த பொருள்; திரும்பக் கேட்டு வரும் ஒருவருக்காக வைத்திருக்க வேண்டிய பொருள். ஒரு பொருளைப் பேணுவதற்குச் சைவம் தருகிற நல்ல காரணம் இதுவே என்று தோன்றுகிறது. அது அழகானது என்பதோ பழையது என்பதோ உலகில் ஒன்றே ஒன்று என்பதோ இரண்டாம் பட்சம். அதற்கு உரியவர் ஒருவர் இருக்கிறார், அவர் வருவார், அவரிடம் கொடுக்கவேண்டும். சார்ள்ஸ் மார்ட்டினிடம் இல்லாமற்போனது அந்த ஒருவர்தான். அவர் யாருக்காகவும் ஒளித்துவைக்கவில்லை.

இந்தக் கேள்வியை இருபதாம் நூற்றாண்டில் மிகக் கூர்மையாகக் கேட்டவரும் ஓர் ஈழத்தமிழரின் மகன். ஆனந்த குமாரசுவாமி 1877இல் கொழும்பில் பிறந்தார். தந்தை சேர் முத்து குமாரசுவாமி, தாய் ஆங்கிலேயர். இங்கிலாந்தில் புவிச்சரிதவியல் படித்து, 1903 முதல் 1906 வரை இலங்கையின் கனிப்பொருள் ஆய்வுத் திணைக்களத்தை நடத்தினார். கல்லைத் தேடி ஊர் ஊராகப் போனவரின் கண் கைவினைஞர் மேல் விழுந்தது. கண்டி நாட்டுக் கைத்தொழில்களைப் பற்றி அவர் எழுதிய பெருநூலை, இங்கிலாந்தில் தம் வீட்டிலேயே, வில்லியம் மொரிசின் கெல்ம்ஸ்கொட் அச்சகத்தில் முன்பு ஓடிய அச்சுப்பொறியில், 1908இல் அச்சிட்டு முடித்தார். 425 பிரதிகள்தான். இன்று அந்த நூலே சேகரிப்பாளர்கள் தேடும் பொருள்.

1917இல் அவர் பொஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்துக்குப் போய், 1947இல் இறக்கும்வரை அங்கேயே பணியாற்றினார். அவர் சேர்த்த இந்தியக் கலைப்பொருள்களும் அந்த அருங்காட்சியகத்துக்கே போயின. அப்படிப்பட்டவர்தான் 1943இல் வெளிவந்த நூலொன்றின் தலைப்பாகவே, கலைப்பொருளை ஏன் காட்சிக்கு வைக்கவேண்டும் என்று கேட்டார். கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் எந்தப் பழம்பொருளும் கண்ணாடிப் பெட்டிக்கென்று செய்யப்பட்டதல்ல. ஒவ்வொன்றும் ஒரு தேவைக்காக, ஒருவர் கேட்டுக்கொண்டபடி செய்யப்பட்டது. அந்தத் தேவை என்ன என்று காட்டாமல் அழகை மட்டும் காட்டும் அருங்காட்சியகம் பார்வையாளரை ஏமாற்றுகிறது. உயிரோடிருக்கும் கைவினைஞருக்கு அருங்காட்சியகம் தஞ்சம் ஆகாது; அவருக்கு வேண்டியது வேலை கேட்டு வரும் வீடுகள். இதுதான் அவருடைய வாதத்தின் சாரம். அருங்காட்சியகத்தில் சம்பளம் வாங்கிக்கொண்டே இதைச் சொன்னார் என்று குறை காண்பவர்கள் உண்டு. அங்கே இருந்தபடியால்தான் அவரால் இதைச் சொல்ல முடிந்தது. தம்மிடம் வந்தவற்றை அவர் அடைக்கலப் பொருளாகவே பார்த்தார். ஒவ்வொரு திருமேனியும் எந்தத் தியான சுலோகத்துக்கு, எந்தப் பூசைக்கு உரியது என்று கடைசிவரை எழுதிக்கொண்டே இருந்தார்.

இங்கிலாந்திலேயே இன்னொரு குயவர் குடும்பம் இந்தச் சிக்கலில் மாட்டிக்கொண்டது. ஹொங்கொங்கில் பிறந்து ஜப்பானில் தொழில் பழகிய பேர்னார்ட் லீச், 1920இல் ஜப்பானியக் குயவர் ஷோஜி ஹமாதாவோடு கோர்ன்வோலின் சென் ஐவ்ஸ் ஊரில் பட்டறை தொடங்கினார். மகன் டேவிட்டும் பேரன்மாரும் குயவரானார்கள். நாளாந்தப் பாவனைக்கென்று அவர்கள் விற்ற குவளைகளும் கிண்ணங்களும் இன்று அலுமாரிக்குள். ஹமாதா ஜப்பானுக்குத் திரும்பிய பின் பாண்டத்தில் பெயர் பொறிப்பதை விட்டுவிட்டார். பெயரைத் தேடாமல் பாண்டத்தைப் பார்க்கட்டும் என்பது அவர் எண்ணம். சேகரிப்பாளர்களோ, பாண்டத்தை வைத்துக் கொடுக்கும், அவர் கையெழுத்திட்ட மரப்பெட்டியைத் தேடத் தொடங்கினார்கள்.

பெயரைப் பொறுத்தவரை தமிழ் நிலத்தின் பழைய வழக்கம் கவனிக்கத் தக்கது. கீழடி, கொடுமணல், அரிக்கமேடு முதலிய இடங்களில் தமிழி எழுத்துப் பொறித்த பானையோடுகள் ஏராளமாகக் கிடைத்துள்ளன. இலங்கையில் திசமகாராமையிலும் அப்படியோர் ஓடு கிடைத்தது. அவற்றில் இருக்கும் பெயர்களைப் பெரும்பாலும் பானையை வைத்திருந்தவர்களின் பெயர்களாகவே ஆய்வாளர்கள் கொள்கிறார்கள். வனைந்தவர் தம் பெயரைக் கீறவில்லை, புழங்கியவர் கீறினார். ஓர் ஆதனோ ஒரு குவிரனோ இது என்னுடைய பானை என்று சொன்ன குரல்தான் ஈராயிரம் ஆண்டு கடந்து வந்திருக்கிறது. தொல்லியல் இல்லாவிட்டால் அதுவும் கிடைத்திருக்காது. பேணுவதால் வரும் நன்மையைச் சந்தேகிப்பவர்கள் அந்த ஓடுகளை நேரில் பார்க்கவேண்டும்.

பேணவே பேணாமல் காப்பாற்றுகிற வழி ஒன்றும் இருக்கிறது. புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கத்து வேளார்கள் குயவர்கள் மட்டுமல்லர், அய்யனார் கோயில்களின் பூசாரிகளும் அவர்கள்தான். புரவி எடுப்புக்கு நாள் குறித்ததும் ஊரார் ஒரு பிடி மண்ணை வேளாரிடம் கொடுப்பார்கள். பிடிமண் கைமாறினால்தான் வேலை தொடங்கும். கால்களை உருளையாக எழுப்பி, உடலைத் திரணைமேல் திரணையாக வளர்த்து, மணியும் கடிவாளமும் ஒட்டி, வைக்கோலும் வறட்டியும் மூட்டிச் சுட்டெடுப்பார்கள். திருவிழா அன்று கண் திறந்ததும் அது தெய்வத்தின் குதிரை. தோளில் சுமந்து கோயிலுக்குக் கொண்டுபோய் நிறுத்துவார்கள். அதன் பிறகு அதை யாரும் துடைப்பதில்லை, ஒட்டுவதில்லை, கூரை போடுவதில்லை. நமணசமுத்திரம் அய்யனார் கோயில் வழியில் வரிசையாக நிற்கும் குதிரைகளில் புதியது வண்ணத்தோடு நிற்க, பழையது காதும் வாலும் உதிர்ந்து மண்ணோடு மண்ணாகிக்கொண்டிருக்கும்.

டெல்லி கைவினை அருங்காட்சியகத்திலும் அய்யனார் குதிரைகள் நிற்கின்றன. அங்கே பார்ப்பவர் வேளாரின் திறமையை மெச்சுவார்; அது நியாயம். ஆனால் குதிரை உதிர்வதால்தான் அடுத்த பிடிமண் வருகிறது, அடுத்த பிடிமண்ணால்தான் வேளாரின் மகன் திரணை உருட்டக் கற்கிறான் என்பது அங்கே தெரியாது. ஜப்பானின் ஈசே கோயிலை இருபது ஆண்டுக்கு ஒருமுறை பிரித்துப் புதிதாகக் கட்டுகிறார்கள். கடைசியாக 2013இல் கட்டினார்கள். மரம் புதிது, கட்டும் முறை ஆயிரத்தைத் தாண்டிய பழமை. அழியக் கொடுத்ததனால் நிலைத்தது. துடக்குக்கும் பொங்கலுக்கும் மண்சட்டியை மாற்றச் சொன்ன வழக்கத்துக்குப் பின்னால் குயவர் வீட்டு அடுப்பு எரியவேண்டும் என்ற எண்ணமும் இருந்திருக்கலாம். அந்த வழக்கம் நீண்டகாலம் அதைச் செய்தது என்பதில் ஐயமில்லை.

இனித் திருகோணமலைக் கோணேசர். 1620களில் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து, அந்தக் கற்களைக் கொண்டு கோட்டை கட்டினார்கள். கோட்டை வாசலில் பாண்டியரின் இரட்டை மீன் இன்றும் தெரிகிறது. 1950ஆம் ஆண்டு, கோயில் இருந்த இடத்துக்குச் சற்றுத் தொலைவில் நகரசபையினர் கிணறு வெட்டியபோது, மண்வெட்டிக்குத் தட்டுப்பட்டவை செப்புத் திருமேனிகள். சோமாஸ்கந்தர், சந்திரசேகரர், பார்வதி என்று அடையாளம் கண்டார்கள். இடிக்க வருகிறார்கள் என்று அறிந்த யாரோ பெயர் தெரியாத அடியார்கள் புதைத்துவைத்தவை என்பதே ஊரின் நம்பிக்கை. வேறு விதமாக நினைப்பதற்கும் காரணம் இல்லை.

முந்நூறு ஆண்டுக்கு மேல் மண் அவற்றை வைத்திருந்தது. கலை வரலாற்றுக்காரர் கண்ணுக்கு அவை அருங்காட்சியகத்தின் நடு மண்டபத்தில் நிற்கவேண்டிய படைப்புகள். திருகோணமலை மக்கள் அவற்றைப் பூசைக்குக் கொண்டுபோனார்கள். பழைய கோயில் இருந்த சுவாமிமலையில் மீண்டும் கோயில் எழுந்தது, 1963இல் குடமுழுக்கு நடந்தது. 1956இல் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவருடைய நண்பர் மைக் வில்சனும் மலையடிக் கடலுக்குள் மூழ்கிப் பழைய கோயிலின் தூண்களையும் கற்களையும் பார்த்தார்கள். கிளார்க் அதை நூலாகவும் எழுதினார். கடலுக்குள் கிடந்தவற்றில் பல இன்னும் அங்கேயே கிடக்கின்றன. மண்ணுக்குள் கிடந்தவற்றுக்குப் பால் அபிடேகமும் பட்டும் மாலையும் கிடைத்தன. அபிடேகத்தால் செம்பு தேயும், எண்ணெய் படியும், பழமையின் மேற்படை போய்விடும் என்று பாதுகாப்பு நிபுணர் கவலைப்படுவார். அந்தக் கவலை பொய்யல்ல. ஆனால் புதைத்தவர்கள் என்ன நினைத்துப் புதைத்தார்கள்? திரும்ப வந்து எடுத்துப் பூசிக்கலாம் என்றுதானே. அவர்கள் வரவில்லை, அவர்களுடைய வழித்தோன்றல்கள் வந்தார்கள். அடைக்கலம் உரியவரிடம் சேர்ந்தது. தேய்ந்தாலும் அதுவே சரி.

எல்லா இடத்திலும் இப்படி நடக்க முடியவில்லை. தமிழ்நாட்டில் சிலைத் திருட்டுக்கு அஞ்சி, சிறு கோயில்களின் செப்புத் திருமேனிகளை அறநிலையத்துறையின் காப்பகங்களில் பூட்டி வைத்திருக்கிறார்கள். திருவிழாவுக்கு மட்டும் சில வெளியே வருகின்றன. களவுபோய் லண்டன் சென்ற பத்தூர் நடராசருக்காக அங்கே வழக்காடி, கோயிலின் உரிமையை நீதிமன்றம் ஏற்று, 1991இல் அவர் தாயகம் திரும்பினார். அந்தத் தீர்ப்பின் பெருமை, உரியவர் ஒருவர் உண்டு என்பதை ஆங்கில நீதிமன்றம் ஒப்புக்கொண்டதில் இருக்கிறது. பூட்டிய அறை தேவைப்படுகிற காலம் இது என்பது வேதனை. ஆனாலும் திறப்பு எந்த ஊர்க்காரரின் பெயரில் இருக்கிறது என்பது தெரிந்திருக்கும்வரை அந்த அறை காப்பகம். அது மறந்துபோனால் கிட்டங்கி.

பற்றை விடு என்று உபதேசிப்பது எளிது. இந்த மாவட்டத்தில் அதைச் சொல்பவர் யாரிடம் சொல்கிறோம் என்று பார்த்துச் சொல்லவேண்டும். 2006இல் சம்பூரிலிருந்து ஓடிய குடும்பங்கள் பல ஆண்டுகள் கிளிவெட்டி போன்ற இடங்களில் முகாம்களில் இருந்தன. 2004இன் கடற்கோள் கரையோர வீடுகளைச் சுத்தமாக வழித்துக்கொண்டு போனது. அப்படிப்பட்ட வீட்டில் ஒரு பாட்டி தன் அம்மாவின் குத்துவிளக்கையோ ஒரு பழைய ஊறுகாய்ச் சாடியையோ துணியில் சுற்றி வைத்திருந்தால், அதைச் சார்ள்ஸ் மார்ட்டினின் தரைப்பலகையோடு ஒப்பிடுவது தவறு. அவர் அதைப் பேத்திக்காக வைத்திருக்கிறார். யாரிடமாவது விலை கேட்டுப் பாருங்கள் என்று அவரிடம் யாரும் சொல்லாதிருக்கட்டும்.

சேகரிப்பதில் ஆசை உள்ளவர்கள் சேகரிக்கட்டும். பொருளோடு அது எதற்குப் புழங்கியது, எந்த ஊரில், எந்தச் சடங்கில், எப்படிச் சுட்டது என்பதையும் எழுதிவைக்கட்டும். குமாரசுவாமி அதைத்தான் கேட்டார். திருகோணமலையில் அதற்கு இன்னும் நேரம் தப்பிவிடவில்லை. தயிர்ச்சட்டியும் பொங்கல் பானையும் வனையும் கைகள் இன்னும் உண்டு. அவற்றின் இடத்தைப் பிளாஸ்டிக்கும் அலுமினியமும் எடுத்துக்கொண்டு வருகின்றன. கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகத்து மாணவர்கள் ஒரு விடுமுறையில் இறங்கினால், எந்தக் குளத்து மண், எத்தனை நாள் ஊறவைப்பது, எந்த விறகு, எந்தக் கோயிலுக்கு எத்தனை குடம் என்பவற்றைக் குயவர்களின் வாயாலேயே பதிவுசெய்துவிடலாம்.

மற்றவர்கள் செய்யக்கூடியது இன்னும் எளிது. வருகிற தைப்பொங்கலுக்கு மண்பானையிலேயே பொங்குங்கள். தயிரைச் சட்டியிலேயே கேட்டு வாங்குங்கள். சட்டி எங்கிருந்து வருகிறது என்று கடைக்காரரிடம் விசாரித்து, முடிந்தால் அந்த வீட்டுக்கே போய் நேரில் வாங்குங்கள். வனைந்தவரின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.